இணையவழி முதுநிலை உளவியல்: மாணவருக்கு என்ன சொல்வது?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் கல்லூரி ஒன்றில் உளவியல் கற்பிக்கிறேன். இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு மேற்படிப்பு பற்றி வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் என் அறைக்கு வருபவர்களில் பலர், முதுநிலைப் பட்டத்தை இணையவழியிலேயே படித்துவிடலாமா என்றுதான் கேட்கிறார்கள். சிலருக்கு உடனே வேலைக்குப் போக வேண்டிய நிலை. சிலருக்கு வீட்டை விட்டு நகர முடியாத சூழல். வேறு சிலர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் முழுக்க வகுப்பறையில் படித்து வந்தவள். ஆகவே ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் முதலில் வாய் வருகிறது. அது என் பழக்கம் சொல்லும் பதிலா, அவர்கள் நன்மையை எண்ணிச் சொல்லும் பதிலா என்று எனக்கே தெளிவில்லை. எதை அடிப்படையாக வைத்து அவர்களுக்கு ஆலோசனை சொல்வது?

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு வணக்கம்.

‘இணையவழியில் படிக்கலாமா?’ என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். ‘படித்து முடித்த பிறகு என்ன வேலை செய்ய விரும்புகிறாய், எந்த நாட்டில், எந்த மாநிலத்தில்?’ என்று திருப்பிக் கேளுங்கள். உளவியல் படித்தவர்கள் போகும் வேலைகளில் சட்டப்படி உரிமமோ பதிவோ இல்லாமல் செய்யக் கூடாதவை சில. திறமையும் அனுபவமும் இருந்தால் போதும் என்பவை பல. ஒரே இணையவழிப் பட்டம் இரண்டாம் வகை வேலைக்கு முழுமையாகப் போதுமானதாகவும், முதல் வகை வேலைக்கு விண்ணப்பப் படிவத்தைக்கூடத் தாண்ட முடியாததாகவும் இருக்கும். வேலையை முடிவு செய்யாமல் பட்டத்தை மட்டும் எடைபோட்டால், உங்கள் ‘வேண்டாம்’ தவறாகப் போகவும் வாய்ப்பு உண்டு, இன்னொருவருடைய ‘தாராளமாகப் படி’ தவறாகப் போகவும் வாய்ப்பு உண்டு.

மருத்துவ உளவியலாளராக விரும்பும் மாணவர்களிடமிருந்து தொடங்குகிறேன். உளவியல் எடுத்தவர்களில் பலருடைய மனத்தில் இருப்பது அந்த வேலைதான். பின்னால் ஏமாற்றம் அதிகமாக வருவதும் அங்கேதான். அமெரிக்காவில் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் ஆகியவற்றின் முனைவர் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் அளிப்பது அமெரிக்க உளவியல் சங்கம். முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ இணையத்தில் நடக்கும் முனைவர் படிப்பு தன் தரவரையறைக்குப் பொருந்தாது என்பது அந்தச் சங்கத்தின் நிலைப்பாடு. இன்டர்ன்ஷிப்பைத் தவிர்த்தே குறைந்தது 3 ஆண்டு முழுநேரப் படிப்பை அது கேட்கிறது. அதில் குறைந்தது ஓராண்டு, மாணவர் நிறுவனத்திலேயே முழுநேரமாகத் தங்கிப் படித்ததாகவோ அதற்கு ஈடானதாகவோ இருக்க வேண்டும். ஃபீல்டிங் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் படிப்பு அங்கீகாரம் பெற்றிருக்கிறதே, அது தொலைவிலிருந்து படிப்பதுதானே என்று விவரம் தெரிந்த மாணவர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் மாணவர்கள் நேரில் கூடிப் பயிலும் அமர்வுகள் அந்தப் படிப்பின் பகுதியாகவே இருக்கின்றன. வீட்டு மேசையை விட்டு நகராமல் முடிக்கும் படிப்பு என்று அதை நினைத்துவிடக் கூடாது.

இந்தியாவில் நிலைமை இன்னும் கறாரானது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு தேவை. அந்தப் பதிவுக்கான படிப்பு, மருத்துவமனைச் சூழலில் மேற்பார்வையுடன் நடக்கும் முழுநேரப் படிப்பு. இதற்கும் மேலாக, 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே இது நடைமுறைக்கு வந்தது. பழைய விளம்பரங்களும் பழைய காணொளிகளும் இன்னும் இணையத்தில் உலவுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வரும் மாணவருக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்வதே பெரிய உதவி.

இங்கிலாந்தில் ‘மருத்துவ உளவியலாளர்’, ‘ஆலோசனை உளவியலாளர்’ போன்ற பெயர்களைப் பயன்படுத்த சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலின் பதிவு வேண்டும். வெறும் ‘உளவியலாளர்’ என்ற பெயருக்கு அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆஸ்திரேலியாவிலோ ‘உளவியலாளர்’ என்ற பெயரே சட்டத்தால் காக்கப்பட்டது. ஆனால் அதே ஆஸ்திரேலியாவில் நான்காம் ஆண்டு உளவியல் படிப்பைச் சில பல்கலைக்கழகங்கள் உரிய அங்கீகாரத்தோடு இணையத்தில் நடத்துகின்றன. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் மேற்பார்வையுடன் கூடிய நேரடிப் பயிற்சி கட்டாயமாகிறது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒழுங்குமுறை அமைப்புகளில் பல, திரையையே எதிர்ப்பதில்லை. எந்தக் கட்டத்தில் மாணவர் நோயாளியின் எதிரே உட்கார வேண்டும் என்பதைத்தான் அவை பார்க்கின்றன.

அந்தக் கண்டிப்பு ஏன் என்று மாணவருக்கு விளக்க, நான் வழக்கமாக நுண்ணறிவுச் சோதனையில் வரும் கட்டை வடிவமைப்பு என்ற பகுதியைக் காட்டுவேன். மேசையில் சிவப்பும் வெள்ளையுமான சிறு கட்டைகள். எதிரே ஒரு குழந்தை. படத்தில் உள்ள வடிவத்தைப் போலக் கட்டைகளை அடுக்க வேண்டும். சோதிப்பவர் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நிறுத்துக் கடிகாரத்தைச் சரியான கணத்தில் அழுத்த வேண்டும். எந்த இடத்தில் ஊக்கச் சொல் சொல்லலாம், எந்த இடத்தில் சொன்னால் மதிப்பெண்ணே செல்லாது என்று தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் செய்துகொண்டே குழந்தையைப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை நிதானமாகக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நேரம் முடிந்த பிறகு சரியாக அடுக்கும். இன்னொன்று இரண்டே நொடியில் கையால் கலைத்துவிட்டு முடியாது என்று சொல்லும். இரண்டுக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான். அறிக்கையில் எழுத வேண்டியவை முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டைக் காணக் கற்றுக்கொள்ளும்போது, பயிற்சியாளரின் கை நடுங்கியதையும் அவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதையும் பார்த்துத் திருத்த அனுபவமுள்ள ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். காணொளியைப் பார்த்து இதன் கோட்பாட்டைக் கற்கலாம், கைப்பழக்கம் வராது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனை அமர்வுகள் இன்று பெருமளவு திரைவழியாகவே நடக்கின்றன. முகத்தின் ஒரு பகுதி மட்டும் தெரியும்போது மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது, அமர்வு நடுவில் தொடர்பு அறுந்தால் என்ன செய்வது, எதிர்முனையில் இருப்பவர் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் அவர் அந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று எப்படி உறுதிசெய்வது என்பவையெல்லாம் முறையாகக் கற்க வேண்டிய திறன்கள். நல்ல இணையவழிப் படிப்புகள் இவற்றை வகுப்பறைப் படிப்புகளைவிடக் கவனமாகக் கற்பிக்கக்கூடும். ஆகவே, திரை என்றாலே தரக்குறைவு என்று மாணவரிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்தது மனநல ஆலோசகர் பணிக்கான முதுநிலைப் படிப்பு. உங்கள் மாணவர்களில் சிலர் இதற்காகத்தான் வெளிநாட்டு இணையவழிப் படிப்புகளைப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஆலோசனைப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் காக்ரெப் அமைப்பு இணையவழிப் படிப்புகளையும் ஏற்கிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற படிப்பில், எந்த வழியில் நடந்தாலும், 100 மணி நேர முதற்கட்டக் களப்பயிற்சியும் 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் உண்டு. அந்த 600-இல் 240 மணி நேரமாவது வாடிக்கையாளருடன் நேரடிப் பணியாக இருக்க வேண்டும். பாடம் இணையத்தில், பயிற்சி உண்மையான மனிதர்களோடு. ஆகவே மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பயிற்சிக்கான இடத்தை யார் தேடித் தருவது என்பது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி இணையவழி முதுநிலையின் பாடங்கள் அத்தனையும் நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தார். களப்பயிற்சிக்கான இடத்தை மாணவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய கையேட்டில் ஒரே ஒரு வரியாக இருந்தது. அவர் அணுகிய மையங்களோ, தங்களுக்குப் பழக்கமான கல்லூரிகளிலிருந்து வருபவர்களையே எடுத்துக்கொண்டன. இடம் கொடுக்க முன்வந்த ஒரு மையத்தில், படிப்பு கேட்ட தகுதியுடைய மேற்பார்வையாளர் இல்லை. பதிவுக் கட்டணம் கட்டிக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருந்தார். அவரிடம் அறிவுக் குறைவும் இல்லை, உழைப்புக் குறைவும் இல்லை. சேருமுன் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்ட ஒருவர் இருந்திருந்தால் போதும். அந்த இடத்தில்தான் உங்களைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள்.

அமெரிக்கப் படிப்பு என்றால் மாணவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு இன்னொன்றையும் பாருங்கள். உரிமத்துக்கு வழிகாட்டும் படிப்புகளை நடத்தும் நிறுவனங்கள், தங்கள் பாடத்திட்டம் எந்தெந்த மாநிலத்தின் உரிமத் தேவையை நிறைவு செய்கிறது, எதில் செய்யவில்லை என்று வெளியிட வேண்டும் என்பது 2020 ஜூலை முதல் அங்குள்ள கூட்டாட்சி அரசின் விதி. பெரும்பாலும் இது இணையதளத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ஓர் இணைப்பு. திறந்தால் மாநிலங்களின் நீண்ட பட்டியல் வரும். மாணவர் வாழப்போகும் மாநிலத்துக்கு நேரே, 2024 ஜூலைக்கு முந்தைய விதி அனுமதித்திருந்த ‘தீர்மானிக்கவில்லை’ என்ற குறிப்பு இன்னும் இருந்தால், அதை ‘அநேகமாகச் சரியாகிவிடும்’ என்று படிக்க விடாதீர்கள். அந்த நிறுவனம் இன்னும் விசாரிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். அப்படியானால் மாணவர்தான் விசாரித்தாக வேண்டும்.

அங்கீகாரம் என்ற சொல்லும் மாணவர்களைக் குழப்புகிறது. பல்கலைக்கழகத்துக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைக்கும் அங்கீகாரம் வேறு. குறிப்பிட்ட படிப்புக்குக் கிடைக்கும் தொழில்முறை அங்கீகாரம் வேறு. முதலாவது இருந்தால் பட்டம் உண்மையானது. உரிம வாரியம் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை. சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் ‘நாங்கள் முழு அங்கீகாரம் பெற்றவர்கள்’ என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லப்படும் அமைப்பே போலியாக இருப்பதும் உண்டு என்பதால், பெயரை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்ப்பதோடு நிற்காமல் அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலிலேயே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் நிதிநிலையும் முக்கியம். உளவியல் படிப்புகளுக்குப் பெயர்பெற்றிருந்த அமெரிக்காவின் ஆர்கோசி பல்கலைக்கழகம் 2019 மார்ச்சில் மூடப்பட்டபோது, பாதிப் படிப்பில் இருந்தவர்கள் அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். அங்கே வளாகங்களும் இருந்தன, இணையவழியும் இருந்தது. மூடியபோது இரண்டுக்கும் ஒரே கதிதான்.

உரிமம் தேவைப்படாத பக்கத்துக்கு வந்தால் நான் சொல்வது பெரிதும் மாறிவிடும். நிறுவன உளவியல், மனிதவளம், பயனர் ஆய்வு, கல்வித் திட்ட வடிவமைப்பு, நலத்திட்டங்களின் மதிப்பீடு, தரவுப் பகுப்பாய்வு போன்றவற்றை நாடுபவருக்கு, இந்தியாவில் உளவியலுக்கு மேலே சொன்ன தடை இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நல்ல பல்கலைக்கழகத்தின் இணையவழி முதுநிலை மிகப் பொருத்தமாக அமையலாம். அதிலும் ஏற்கனவே வேலையில் இருப்பவருக்கு வகுப்பறை மாணவருக்குக் கிடைக்காத வசதி ஒன்று உண்டு: இந்த வாரம் பணிப் பகுப்பாய்வு (ஒரு பணியில் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஆராய்வது) பற்றிப் படித்தால் அடுத்த வாரமே தன் அலுவலகத்தில் ஒரு பணியிடத்தை எடுத்து அதைச் செய்து பார்க்கலாம். இந்தத் துறைகளில் வேலை கொடுப்பவர் பார்ப்பது, விண்ணப்பதாரருக்கு ஒரு வினாநிரலை வடிவமைக்கத் தெரியுமா, அதன் நம்பகத்தன்மையைச் சோதிக்கத் தெரியுமா, முடிவுகளை மேலாளருக்குப் புரியும்படி எழுதத் தெரியுமா என்பதைத்தான். எனவே பாடத்திட்டத்தில் புள்ளியியலும் ஆய்வு முறையும் எத்தனை தாள், மென்பொருளில் உண்மையான தரவை வைத்துச் செய்யும் பயிற்சி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை இல்லாமல் கவர்ச்சியான தலைப்புகள் மட்டும் நிறைந்த பாடத்திட்டமாக இருந்தால் பணம் வீண்.

ஆராய்ச்சியாளராக விரும்பும் மாணவரிடம் தனியாகப் பேசுங்கள். அமெரிக்காவில் ஆய்வு சார்ந்த முனைவர் படிப்புகள் பலவற்றில் இளநிலை முடித்தவுடனே சேர முடியும். அவற்றில் பலவற்றில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமலே, சொந்தப் பணத்தில் இணையவழி முதுநிலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று ஒருவர் நினைத்தால் தடுத்து நிறுத்துங்கள். முனைவர் சேர்க்கைக் குழு ஆய்வு அனுபவத்தையும், மாணவரோடு சேர்ந்து வேலை செய்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் கூர்ந்து பார்க்கும். பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளை மட்டும் கேட்டு, ஆசிரியரோடு ஒரு முறைகூடப் பேசாமல் படித்த ஒருவருக்கு அந்த ஆசிரியர் என்னதான் எழுத முடியும்? இணையவழியைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஆய்வேடு எழுதும் வாய்ப்புள்ள படிப்பாக, ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லி ஒரு வழிகாட்டியை ஒதுக்கும் படிப்பாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் துறையில் நடக்கும் ஆய்வில் தன்னார்வமாகப் பங்கெடுக்கும் வாய்ப்பை நீங்களே தர முடியுமானால் அதைவிட நல்லது இல்லை.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் நடத்தும் ‘மாற்றுப் படிப்பு’ என்ற முதுநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் உளவியலுக்குள் நுழைவதற்காக அமைக்கப்பட்டது. உளவியலிலேயே பட்டம் பெறும் உங்கள் மாணவர்களுக்கு, அந்நாட்டு உளவியல் சங்கத்தின் அடிப்படைத் தகுதிக்காக அது தேவைப்படும் சூழல் இருந்தால் ஒழிய, படித்ததையே திரும்பப் படிப்பதாகத்தான் முடியும்.

வீட்டை விட்டு நகர முடியாத சூழலில் இருக்கும் மாணவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். அவர்களுக்கு ‘வகுப்பறையா, இணையமா’ என்பது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே ஆகாது. ‘இணையமா, படிப்பே இல்லையா’ என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அப்படிப்பட்டவரிடம் வகுப்பறையின் மேன்மையைச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அவர் போக விரும்பும் வேலைக்கு இணையவழிப் பட்டம் ஒத்துவராது என்றால், அருகிலேயே நேரடியாகப் படிக்கக் கூடிய வேறு படிப்பு உண்டா, சமூகப் பணி போன்ற அண்டைத் துறையில் அதே மனிதர்களுக்கு உதவும் வழி உண்டா, இரண்டு ஆண்டு கழித்துச் சூழல் மாறும் வாய்ப்பு இருக்கிறதா, அதுவரை செய்யத்தக்க வேலை எது என்று சேர்ந்து யோசியுங்கள். பெற்றோர் ஒருவரின் நோய் காரணமாக வீட்டில் இருக்கும் மாணவருக்கு, வாரத்தில் எந்தெந்த மணிநேரம் உண்மையில் தன்னுடையது என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். குறித்த நேரத்தில் அனைவரும் கூடும் நேரலை வகுப்பா, எப்போது வேண்டுமானாலும் பார்க்கும் பதிவா என்ற வேறுபாடு அவருக்குப் படிப்பின் பெயரைவிட முக்கியமானது. நேரலை வகுப்பு கட்டாயமான படிப்பு அவருக்கு ஒத்துவராமல் போகலாம்; எல்லாமே பதிவாக இருக்கும் படிப்பில் ஒருவரும் தன்னை விசாரிக்காத நிலையில் மூன்றாம் மாதமே பின்தங்கிப் போகலாம். முழுப் படிப்புக்குப் பணம் கட்டுமுன், தேர்வும் கெடு நாளும் உள்ள ஒரே ஒரு இணையவழிப் பாடத்தை முடித்துக் காட்டச் சொல்வது நல்ல சோதனை.

கடைசியாக, உங்கள் அறையிலேயே செய்யக்கூடிய ஒரு காரியம். மாணவர் விண்ணப்பிக்குமுன் இரண்டு மின்னஞ்சல்களை உங்கள் எதிரிலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று, அவர் வேலை செய்ய விரும்பும் இடத்தின் உரிம வாரியத்துக்கு: ‘இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டத்தை, இணையவழியில் பெற்றால், இந்தப் பதிவுக்கு ஏற்றுக்கொள்வீர்களா?’ மற்றொன்று பல்கலைக்கழகத்துக்கு: ‘களப்பயிற்சி இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நான் வசிக்கும் ஊரில் கடந்த ஆண்டு மாணவர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள், மேற்பார்வையாளருக்கும் பயண அமர்வுகளுக்கும் ஆகும் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா?’ தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழியை ஏற்க வேண்டாம். எழுத்தில் பதில் வரட்டும். வந்த பதில்களைத் துறைக் கோப்பில் தேதியோடு சேர்த்து வையுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒரு முறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களிடம் அந்தக் கோப்பைக் கொடுத்து, அதே வாரியங்களுக்கு மறுபடி எழுதி, மாறியிருப்பவற்றைக் குறித்துவைக்கும் வேலையை அவர்களையே செய்ய வையுங்கள்.